அரை ஏக்கர் கம்பு

…இன்றைக்கும் வராது, எனக்குத் தெரியும், மணி ஆறே முக்கால், வர நினைக்கிற பறவை இந்நேரம் வந்திருக்கும், இட்லித் தட்டில் மாவை ஊற்றிக்கொண்டே சமையலறை ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், கொய்யா மரத்தில் தொங்குகிறது அந்த பிளாஸ்டிக் குழாய், என் மகள் நிக்கோல் ஹூஸ்டனிலிருந்து அனுப்பியது, பச்சை மூடி, நான்கு ஓட்டை, ஓட்டைக்கு ஒன்றாகக் குருவி உட்கார நான்கு குச்சி, பேர்ட் ஃபீடர் என்று பெட்டியில் போட்டிருந்தது, பெட்டியின் படத்தில் மஞ்சளும் சிவப்புமாகப் பறவைகள் இடத்துக்கு அடித்துக்கொண்டு நின்றன, இங்கே ஜீவனஹள்ளியில் அதை மாட்டி இன்றோடு ஏழு வாரம், ஏழு வாரத்தில் அந்தக் குச்சியில் உட்கார்ந்த ஒரே உயிர் ஒரு ஓணான். ஓணானுக்காகவா நான் இரண்டாவது சனிக்கிழமை லீவு நாளில் ஐந்தரைக்கே எழுந்து நிற்கிறேன்… மாவு தட்டுக்கு வெளியே வழிந்துவிட்டது, துடைக்கத் துணியைக் காணோம், இந்த வீட்டில் வைத்த பொருள் வைத்த இடத்தில் இருப்பதில்லை என்று யாரிடம் சண்டை போடுவது, இருப்பது இரண்டு பேர், அதில் ஒருவர் எதையும் தொடுவதே இல்லை.

அந்த ஒருவர் பின்வாசலில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், என் கணவர் ரெமிஜியஸ், இங்கிருந்து பார்த்தால் அவருடைய பிடரியும் இடது காதும் தெரியும், பதினான்கு மாதமாக நான் அதிகம் பார்த்தது அந்தப் பிடரியைத்தான். டெலிபோன் ஃபேக்டரியில் இருபத்தேழு வருஷம், ரிலே செக்‌ஷன், நாள் முழுக்க இடுக்கியும் கையுமாக மெல்லிய தகடுகளை வளைத்து நிமிர்த்தி வைக்கும் வேலை, கை அசையாது, ஆனால் வாய் ஓயாது, ஃபேக்டரி பஸ்ஸில் கடைசி சீட்டில் நான்கு பேர் சீட்டாடுவார்கள், அந்த ஆட்டத்தில் யார் யாரை ஏமாற்றினான் என்பதில் ஆரம்பித்து கேன்டீன் சாம்பார் வரைக்கும் சாயங்காலம் வந்து கால் கழுவுவதற்குள் எல்லாவற்றையும் கொட்டி முடித்துவிடுவார், நான் நோட்டு திருத்திக்கொண்டே, கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு இருங்களேன் என்பேன், எத்தனை முறை சொல்லியிருப்பேன்… இதோ மூடிக்கொண்டுவிட்டார், திருப்திதானே நோரா? வி.ஆர்.எஸ். வாங்கிச் சீக்கிரமே ரிட்டயர் ஆகச் சொன்னது யார், நானும்தான், எல்லாரும் எழுதிக் கொடுக்கிறார்கள், நீங்களும் கொடுங்கள், வீட்டில் நிம்மதியாக இருக்கலாம் என்றேன், கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த அன்று நாற்காலியைத் தூக்கிப் பின்வாசலில் போட்டார், அவ்வளவுதான். காபி வேணுமா, ம். கோயிலுக்கு வர்றீங்களா, நீ போயிட்டு வா. டாக்டர்கிட்டப் போலாமா, அப்புறம். ஒரு வழியாக இழுத்துக்கொண்டு போனதற்கு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார், தூக்கம் வந்தது, பேச்சு வரவில்லை.

ஆனால் அந்தப் பார்சல் வந்த அன்று பேசினார். அதுதான், அது மட்டும் நடக்காமல் இருந்திருந்தால் நானும் பேசாமல் அந்தக் குழாயைப் பரண்மேல் போட்டிருப்பேன். பெட்டியிலிருந்து எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார், மூடி சரியாகப் பொருந்துகிறதா என்று இரண்டு தடவை திறந்து மூடினார், அப்புறம், "நம்ம பக்கம் சிட்டுக்குருவியே பாத்து எத்தன வருஷமாச்சு, வந்தா நல்லாருக்கும் நோரா" என்றார். எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவள், எண்ணாமல் இருக்க முடியுமா, ஒன்பது வார்த்தை, அதில் ஒன்று என் பெயர். சேர்ந்தாற்போல ஒன்பது வார்த்தை கேட்டு அப்போது ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. மறுநாள் மறுபடியும் ம், அப்புறம். அதனால் எனக்கு வேறு வழி தெரியவில்லை, ஒரு குருவி வந்தால் பத்தாவது வார்த்தை வரும் என்று பிடித்துக்கொண்டேன், ஒரே ஒரு குருவி, கேட்டது அவ்வளவுதான், இந்த ஊரில் அது கிடைக்காதா.

கிடைக்கவில்லையே… நிக்கோல் ஒரு பட்டியல் எழுதி அனுப்பியிருந்தாள், கறுப்புச் சூரியகாந்தி, வெள்ளைத் தினை, அப்புறம் கறுப்பாக ஊசி மாதிரி ஒன்று, அதற்கு அங்கே ஒரு பெயர், கூடவே படம் வெட்டி ஒட்டியிருந்தாள், மம்மி, எந்த விதை போடுகிறோமோ அந்தப் பறவைதான் வரும், விதை தேர்வு செய்வதுதான் முக்கியம் என்று எனக்கே பாடம். சரி, முறையாகவே செய்வோம் என்று வாரத்துக்கு ஒரு விதை என்று வைத்துக்கொண்டேன். முதல் வாரம் அரிசி, வீட்டில் இருந்தது, புறா வந்தது, எங்கிருந்துதான் வருமோ, பக்கத்து அபார்ட்மென்ட் மொத்தமும் காலி செய்துகொண்டு வந்த மாதிரி வந்து தரையில் சிந்தியதைத் தின்று படி முழுக்க எச்சமிட்டுவிட்டுப் போயிற்று, அதுவும் பறவைதானே என்று கேட்காதீர்கள், புறாவைப் பார்த்து ரெமிஜியஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டாவது வாரம் சூரியகாந்தி, அதற்கு ரஸ்ஸல் மார்க்கெட்டில் கூண்டுக்கிளி விற்கிறவரிடம் போக வேண்டியிருந்தது, அணில் ஒன்று தலைகீழாகத் தொங்கி உரித்துத் தின்றது, தோலை என் துவைத்த துணிமேல் துப்பியது. மூன்றாவது வாரம் அந்த ஊசி விதை, படத்தைப் பார்த்து பக்கத்து வீட்டு அனந்தலக்ஷ்மி ஆன்ட்டி, இது நம்ம ஹுச்செள்ளு அல்லவா என்று டப்பாவோடு எடுத்து வந்து காட்டினார், அவர் வருஷம் முழுக்கச் சட்னிப்பொடி இடிக்கிற சாமான், இதற்குத்தான் அமெரிக்காவில் அந்தப் பெயரா என்று சிரித்தோம், கொட்டினேன், குழாயின் ஓட்டை பெரிது, விதை சிறிது, ஒரு பக்கம் நான் ஊற்ற ஊற்ற நான்கு பக்கமும் ஒழுகி எறும்புக்குத் திருவிழா ஆயிற்று. நாலாவது தினை, ஐந்தாவது ராகி, ஆறாவது இரண்டும் கலந்து, ஒன்றும் இல்லை, ஒன்றுமே இல்லை, மழைச்சாரல் பட்டுக் குழாய்க்குள்ளேயே முளைத்தது, வெள்ளை வெள்ளையாக வேர் விட்டு, அதைக் குச்சியால் குத்திக் குத்தி வெளியே எடுக்கும்போது அழுகை வந்தது, அழுதேன், சிங்க்கில் தண்ணீரைத் திறந்துவிட்டுத்தான் அழுதேன்.

கிளிக்காரர் சொன்னதுதான் என்னை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோனது. "கூண்டுல இருக்கறது எத்த போட்டாலும் துன்னும்மா, வெளி சிடியாவுக்கு தாஜா மால் வோணும்" என்றார், தினமும் வயலில் புதிதாகத் தின்று பழகிய பறவை மளிகைக்கடையில் ஆறு மாதம் கிடந்த தானியத்தைத் தொடாது என்று விளக்கமும் சொன்னார். யோசித்துப் பார்த்தேன், நியாயமாகத்தான் பட்டது, எல்லாவற்றையும்விடப் புதிய தானியம் எது, விதைக்கிறதற்கு வைத்திருப்பது, முளைக்கிற உயிர் உள்ளது, அதைவிடச் சுத்தமானது என்ன இருக்க முடியும்? எங்கள் குடும்பத்தில் யாரும் ஏர் பிடித்ததில்லை, என் அப்பாவின் தாத்தா கன்டோன்மென்டில் தையல் வேலைக்கு வந்தவர், அவருக்கு அப்புறம் பேக்கரி, ஆஸ்பத்திரி, ஸ்கூல், ஃபேக்டரி, நாலு தலைமுறையாகத் தார் ரோடுதான், ரெமிஜியஸ் வீடும் அப்படியே, கம்பங்கொல்லையை நான் ரயில் ஜன்னலில் பார்த்ததோடு சரி. ஆனால் அது ஒரு குறை என்று போன புதன்கிழமை வரை எனக்குத் தோன்றவில்லை.

புதன்கிழமை ஸ்கூல் விட்டதும் பஸ் பிடித்து சிட்டி மார்க்கெட் போனேன், பூச்சிமருந்தும் கயிறும் மண்வெட்டியும் விற்கிற சந்தில் ஒரு விதைக்கடை, வாசலில் சாக்கு சாக்காக நிற்கிறது, உள்ளே ஆனேக்கல் பக்கத்து விவசாயிகள் இரண்டு பேர், நான் கைப்பையும் குடையும் சாக்பீஸ் படிந்த புடவையுமாக நுழைந்ததும் மூன்று பேரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கம்பு இருக்கிறதா என்று கன்னடத்தில் கேட்டேன், "எஷ்டு எகரேகெ அம்மா?" என்றார் கடைக்காரர். எத்தனை ஏக்கருக்கு… என் கொல்லை குறுக்கே நாலு எட்டு, நெடுக்கே ஆறு எட்டு, அதில் ஒரு கொய்யா, ஒரு துணி துவைக்கிற கல், இரண்டு ரோஜாத் தொட்டி. குருவிக்குப் போட என்று சொல்லியிருக்கலாம், இரண்டே வார்த்தை, சொன்னால் என்ன, சிரிப்பார்கள், மளிகைக்கடைக்காரர் சிரித்தார், கிளிக்காரர் சிரித்தார், எனக்குச் சிரிப்புப் போதும் போதும் என்று ஆகியிருந்தது, இருபத்தாறு வருஷம் பிளாக்போர்டுக்கு முன்னால் நின்றவளுக்குத் தெரியாது என்று சொல்லவும் நாக்கு வரவில்லை, "அரெ எகரே" என்றேன், அரை ஏக்கர், பெரிய பண்ணைக்காரி மாதிரி. அவர் பிரித்த சாக்கிலிருந்து முக்கால் கிலோ நிறுத்துக் காகித உறையில் போட்டுக் கொடுத்தார், கம்பு ரோஸ் நிறத்தில் இருந்தது, என்னடா இது என்று பார்த்தேன், கேட்கவில்லை, அரை ஏக்கர்க்காரி எப்படிக் கேட்பாள். நான் படி இறங்கும்போது, விதைத்ததும் கையைக் கழுவிக்கொள்ளுங்கள் அம்மா என்று கன்னடத்தில் சொன்னார், அதில் எனக்குக் கோபம் வந்தது, அறுபது பிள்ளைகளுக்குக் கை கழுவக் கற்றுக்கொடுக்கிறவளிடம் வந்து கை கழுவச் சொல்கிறார் இவர்.

ரோஸ் நிறம் எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். துவரம்பருப்புக்கு மஞ்சள் சாயம், பட்டாணிக்குப் பச்சைச் சாயம், மிளகாய்த்தூளில் என்னவோ, இந்த ஊரில் எதைத்தான் சாயம் ஏற்றாமல் விற்கிறார்கள், பழைய கம்பைப் புதிது என்று காட்ட ஒரு சாயம், அவ்வளவுதான், என்னிடமா. நேற்று சாயங்காலம் பாதியைப் பக்கெட்டில் போட்டு மூன்று தண்ணீரில் அலசினேன், முதல் தண்ணீர் ரோஸ்மில்க் நிறத்தில் போயிற்று, மூன்றாவதில் கொஞ்சம்தான், முழுக்கப் போகவில்லை, பரவாயில்லை என்று பேப்பரில் பரப்பி ஃபேன் போட்டு உலர்த்தி இன்று விடியற்காலை குழாயில் கொட்டி மாட்டினேன், அடியில் தரையிலும் ஒரு கைப்பிடி இறைத்தேன். நகத்துக்குள் இன்னும் ரோஸ் இருக்கிறது, இட்லி மாவு ஊற்றும்போது பார்த்தேன், சோப்புப் போட்டும் போகவில்லை.

இட்லிப் பானையை மூடி அடுப்பில் ஏற்றியாயிற்று, ஏழாகப் போகிறது, இந்தப் பிடரி அசையவே அசையாதா… இன்னும் எத்தனை வாரம் இப்படி, அடுத்து என்ன விதை, கடுகா, கொத்துமல்லியா, நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை நிக்கோல் போன் பண்ணுவாள், ஏதாவது வந்ததா மம்மி என்று கேட்பாள், ஓணான் வந்தது கண்ணு என்று சொல்லட்டுமா, போதும், இதைக் கழற்றிப் போட்டுவிடுகிறேன், எனக்கு வெறுத்துவிட்டது, அவர் இப்படியே உட்காரட்டும், நான் இப்படியே சமைக்கிறேன், ஒருத்தி எவ்வளவுதான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவாள், எவ்வளவுதான்…

"நோரா."

யார் கூப்பிட்டது, அவரா, பிடரி அப்படியேதான் இருக்கிறது, ஆனால் வலது கை நாற்காலிக் கையிலிருந்து எழுந்து பின்பக்கமாக என்னை நோக்கி, அசையாதே என்று விரித்து நிற்கிறது. "நோரா, சத்தம் போடாத, மரத்தப் பாரு." பார்த்தேன். ஒன்று குச்சியில், ஒன்று மூடிமேல், மூன்று கிளையில், சிட்டுக்குருவி இல்லை, அதைவிடச் சின்னது, தலை தேன் நிறம், வயிற்றில் மீன் செதில் மாதிரி புள்ளி, எத்தனையோ வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், இதை நான் பார்த்ததே இல்லை, மதில்மேலிருந்து இன்னும் இரண்டு இறங்கிற்று, இன்னும் ஒன்று, தரையில் இறைத்ததைக் கொத்துகிறது, ஓட்டைக்குள் மூக்கை விட்டு எடுக்கிறது, உமியைக் கீழே தள்ளுகிறது, வந்துவிட்டது, வந்தேவிட்டது, ஆண்டவரே வந்துவிட்டது, ஜெயித்துவிட்டேன் என்று கத்த வேண்டும் போல இருக்கிறது, சிரிப்பு வருகிறது, கண்ணில் தண்ணீரும் வருகிறது, தண்ணீரைத் திறந்துவிடாமலே வருகிறது.

அப்போதுதான் முன்வாசல் வழியாக அன்னம்மாள் வந்தாள், பாத்திரம் தேய்க்கிறவள், மூன்று வருஷமாக வருகிறாள், அவள் ஊர் ஆனேக்கலுக்கு அந்தப் பக்கம் தளி, அங்கே அண்ணனுக்கு நிலம் இருக்கிறது, ஆடி மாதம் விதைப்புக்கு என்று பத்து நாள் லீவு போட்டுவிட்டுப் போவாள், ஷ்ஷ் என்று அவளை நிறுத்தி ஜன்னலைக் காட்டினேன், அவள் ஜன்னலைப் பார்க்கவில்லை. சிங்க் பக்கத்தில் கழுவாமல் மிச்சம் வைத்திருந்த காகித உறையைப் பார்த்தாள், விரலால் கிளறினாள், விரலை முகர்ந்தாள், "டீச்சரம்மா, இது வெதக் கம்பாச்சே. மருந்து தடவுனது. இத எதுக்கு வாங்கியாந்தீங்க?" என்றாள். கழுவிவிட்டேன் என்றேன், மூன்று தண்ணீர், சாயம்தானே. "சாயம் இல்ல, மருந்து. பூச்சி அரிக்காம இருக்க வெதைக்குத் தடவுறது, யாரும் தின்னுடக் கூடாதுன்னுதான் கலரு. எங்கூட்ல இது கெடந்தா கோழியப் புடிச்சு அடைச்சு வைப்போம். போன வருசம் அடைக்காம வுட்டு ரெண்டு வுழுந்துச்சு." அவள் மெதுவாகத்தான் சொன்னாள், எனக்காகத்தான் மெதுவாகச் சொன்னாள், யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்டுக்கொண்டே அப்போதுதான் ஜன்னலைப் பார்த்தாள்.

ஓட வேண்டும், நாலு எட்டு, பின்கதவு திறந்துதான் இருக்கிறது, கையைத் தட்டினால் போதும், ஒரு தட்டு. கதவு வரை போனேன். கதவருகில் நின்றால் அவர் குரல் கேட்டது, முணுமுணுப்பாக, என்னிடம் இல்லை, மரத்தைப் பார்த்து, "வா, வா… தள்ளி ஒக்காரு, அவனுக்கும் எடம் குடு… ஏய், நீ இப்பத்தான தின்ன, அடுத்தவன வுடு" என்று, ஃபேக்டரி பஸ் கடைசி சீட்டில் பேசுகிற அதே குரல், பதினான்கு மாதமாக எங்கே வைத்திருந்தார் இதை, நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருக்கிறார், உதட்டோரம் சிரிப்புக்கூட இருக்கிறது, பிடரி இல்லை, முகம், பக்கவாட்டில் முகம் தெரிகிறது எனக்கு. மதிலுக்கு அப்பால் ரயில் வந்தது, ஈஸ்ட் ஸ்டேஷனில் நிற்காமல் போகிற வண்டி, அந்தச் சத்தத்துக்கும் பறவைகள் எழவில்லை, பசி போலிருக்கிறது, கொத்திக்கொண்டே இருந்தன, ஒரு நிமிஷம், இன்னும் ஒரே ஒரு வார்த்தை அவர் சொல்லட்டும், மூன்று தண்ணீரில் கழுவியிருக்கிறேனே, எல்லாம் போயிருக்கும், கோழி எவ்வளவு தின்றதோ, இது எவ்வளவு தின்னும், இன்னும் ஒரு வார்த்தை… பெட்டி பெட்டியாக ரயில் போய்க்கொண்டே இருந்தது, கடைசிப் பெட்டியும் போய்ச் சத்தம் அடங்கியது, பின்னால் அன்னம்மாள், டீச்சரம்மா என்றாள், நான் அதுவரை நின்றுகொண்டேதான் இருந்தேன்.

அதற்கப்புறம் ஓடினேன். இரண்டு கையையும் தட்டிக்கொண்டு, சூ சூ என்று, நாற்காலியை இடித்துக்கொண்டு, குழாயைப் பிடித்து உலுக்கினேன், ஒரே வீச்சில் எல்லாம் எழும்பி மதிலைத் தாண்டிவிட்டன, கம்பு என் தலையிலும் தரையிலும் கொட்டியது. திரும்பிப் பார்த்தால் ரெமிஜியஸ் நாற்காலியில் இல்லை, எழுந்து செருப்பில்லாமல் படி இறங்கி என் முன்னால் நிற்கிறார், முகம் சிவந்து, "அறிவிருக்கா ஒனக்கு? ஏழு வாரம் கழிச்சு இன்னிக்குத்தான் வந்துச்சு, எதுக்குடி வெரட்டுற?" என்று அடுத்த தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்தினார், அனந்தலக்ஷ்மி ஆன்ட்டி மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். கத்தட்டும், கத்தட்டும் என்று இருந்தது எனக்கு, கல்யாணம் ஆன புதிதில்கூட அவர் என்னிடம் இப்படிக் கத்தியதில்லை, வாயைத் திறந்து மருந்துக் கம்பு என்று சொன்னேன், அரை ஏக்கர் என்று நான் சொன்ன பொய்யையும் சொன்னேன், கடைக்காரர் கை கழுவச் சொன்னதையும், சாயம் என்று நினைத்ததையும், எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டினேன். அவர் என் கையைப் பிடித்துத் திருப்பி நகத்தைப் பார்த்தார். திரும்பிப் படியேறினார், சரி, போயிற்று, எல்லாம் போயிற்று, நாற்காலிக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

போகவில்லை. உள்ளே அலமாரியில் இழுப்பறையைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது, பழைய சிவப்பு டப்பாவோடு வந்தார், ஃபேக்டரியிலிருந்து கொண்டுவந்த அந்த இரண்டு இடுக்கி அதில் இருந்தது. குழாயைக் கழற்றி உள்ளே இருந்ததை முழுக்க உறையில் கொட்டச் சொன்னார், அன்னம்மாளிடம் ரோஜாத் தொட்டியை நகர்த்தி அந்த இடத்தில் ஒரு முழத்துக்குப் பள்ளம் எடுக்கச் சொன்னார், துடைப்பத்தால் கூட்டலாமே என்றதற்கு, "கூட்டுனா மண்ணுக்குள்ள போய் மறைஞ்சுக்கும், மறுபடி கொத்தித் தின்னும், பொறுக்கித்தான் ஆகணும்" என்றார், எனக்கு ஒரு இடுக்கியைக் கொடுத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மரத்தடியில் குந்தினார். நானும் உட்கார்ந்தேன். அவர் கை அசையாமல் ஒவ்வொரு ரோஸ் மணியாக மண்ணிலிருந்து எடுத்துக் குழாயின் பச்சை மூடியில் போடுகிறது, டக், டக் என்று விழுகிறது, என் இடுக்கியில் நாலில் ஒன்று நழுவுகிறது, இட்லி தீய்கிற வாசனை வருகிறது, அன்னம்மாள் போய் அடுப்பை அணைத்தாள். நடுவில் ஒரு பறவை, அதே கூட்டத்தில் ஒன்றோ வேறோ, மதில்மேல் வந்து உட்கார்ந்தது, அவர் எழுந்து துண்டை வீசி விரட்டினார், விரட்டிவிட்டு அது போன பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்புறம் மறுபடி குந்திப் பொறுக்கிக்கொண்டே பேசினார். மொத்தம் பதினொன்று வந்தது, எண்ணினேன் என்றார், ஒன்றுக்கு வால் கொஞ்சம் உடைந்திருந்தது, அடையாளம் தெரியும் என்றார், நாளைக் காலையில் குழாயைக் காலியாகவே மாட்டி வைப்போம், வருகிறதா என்று பார்ப்போம், பதினொன்று வந்தால் ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தம், அப்புறம் அந்தக் குருவிக்கு என்ன பெயர் என்று நிக்கோலிடம் கேட்போம், நல்ல கம்பு மளிகைக்கடையிலேயே வாங்கலாம், நானே போய் வாங்கி வருகிறேன், நீ போனால் இன்னும் ஒரு ஏக்கருக்கு வாங்கிவிடுவாய் என்றார், அதைச் சொல்லும்போது கொஞ்சம் சிரித்தார்கூட. எத்தனை வார்த்தை என்று நான் எண்ணவில்லை. எந்த வார்த்தைக்காக ஏழு வாரம் நின்றேனோ அது இதோ பக்கத்தில் உட்கார்ந்து கொட்டுகிறது, என் காதில் அந்த ரயில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது, எத்தனை பெட்டி, பதினாறா, பதினெட்டா, ஒரு பெட்டிக்கு ஒரு பறவை எத்தனை மணி தின்னும், இப்படி ஒரு கணக்கை எந்த வகுப்பிலும் நான் போட்டதில்லை. பள்ளம் தயாராகிவிட்டது என்றாள் அன்னம்மாள், என் பக்கம் அவள் பார்க்கவில்லை, அவள் எதுவும் சொல்ல மாட்டாள்.

ரெமிஜியஸ் மூடியை உயர்த்திப் பார்த்தார், பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. "அன்னம்மா சொன்னவொடனே ஓடி வந்துட்ட இல்ல, அவ்வளவா தின்னுருக்காது. பொழச்சுக்கும், என்ன நோரா?" என்றார்.

நழுவிய மணியை மறுபடி இடுக்கியால் பிடித்தேன்.

ம், என்றேன்.